நீ நிமிர்கிற இடம்

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறதா, முழங்கால் வலி விட்டதா? மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் வேண்டும். போன தடவை "நலம்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டாய். தந்திகூட அதைவிட நீளமாக இருக்கும்.

போனில் பேசலாம்தான். உன் விடுதியில் போன் மேனேஜர் மேசையில் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அது முதலாளி மேசையில். நீயும் என்னைக் கட்டிய உன் மாமாவும் வேறு வேறு அணிக்குப் பந்தய பைக் ஓட்டுகிறீர்கள். நான் "ஹலோ" என்றாலே உன் மேனேஜருக்குக் காது நீண்டுவிடுகிறது. அதனால் நமக்குக் கடிதம்தான்.

சேதி இதுதான். போன வாரம் பயிற்சியில் உன் மாமா விழுந்துவிட்டார். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்துவிட்டது. பத்து நிமிஷம் நினைவு இல்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். பந்தய டாக்டரும் பார்த்து, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த பந்தயத்துக்கு வருவார்.

அவருக்கு ஒரு வரி எழுதினால் உன் விரல் தேய்ந்துவிடாது. ட்ராக்கில் எதிரி என்றால் வீட்டிலும் எதிரியா? கல்யாணத்துக்கு முன்னால் "மாமா மாமா" என்று அவர் பின்னாலேயே திரிந்தவன்தானே நீ.

முழங்காலுக்குத் தைலம் தேய்க்க மறக்காதே.

அக்கா.


ஜூன் 27

அக்காவுக்கு,

முழங்கால் வலி இல்லை. சாப்பாடு இறங்குகிறது. உடம்பு கல் மாதிரி இருக்கிறது. மூன்றும் ஆயிற்றா?

மாமா விழுந்த கதையை எங்கள் வண்டிக் கொட்டகையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். மெக்கானிக் அண்ணன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் காலில் விழுந்தது. "நடிகர் இந்த வருஷம் சீக்கிரமே மேக்கப் போட்டாச்சா?" என்றார். ட்ராக் முழுக்க மாமாவுக்கு அந்தப் பெயர்தான், உனக்குத் தெரியாததா.

மறந்துவிட்டாயா அக்கா? இரண்டு வருஷத்துக்கு முன் நீதான் எழுதினாய், "மாமாவுக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது, பாவம்" என்று. நம்பினேன். பந்தயத்தில் பத்துச் சுற்று அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினோராவது சுற்றில் அந்த உடைந்த கையாலேயே எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனார். மேடையில் ஏறித்தான் கட்டை அவிழ்த்தார். கூட்டம் கை தட்டியது. நீயும் தட்டினாய், நான் பார்த்தேன்.

உன் மேல் கோபம் இல்லை. அவர் எழுதச் சொன்னார், நீ எழுதினாய். ஆனால் ஒரு தடவை காது குத்தியாயிற்று. மறுபடி குத்த என் காதில் இடமில்லை.

இந்த வருஷம் நடந்த இரண்டு பந்தயமும் என்னுடையது. பட்டமும் என்னுடையதுதான். அவரிடம் சொல், பிளந்த ஹெல்மெட்டை அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும்.

தம்பி.


ஆகஸ்ட் 16

அக்காவுக்கு,

உடம்பைப் பற்றிக் கேட்காதே. நீதான் எழுதுவதே இல்லையே, எங்கே கேட்கப் போகிறாய். இரண்டு மாதமாயிற்று. கோபமா? சரி, டாட்டா கதையைச் சொல்லிக் காட்டியது தப்புத்தான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மாமா என்ன செய்கிறார்? எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல் இருக்கிறது.

ஜூலைப் பந்தயத்தில் முதல் சுற்றிலேயே என் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார். முந்தவே இல்லை. வழி விட்டேன், வரவில்லை. வேகத்தைக் குறைத்தால் அவரும் குறைக்கிறார். இருபது சுற்றும் என் பின் சக்கரத்தில் உட்கார்ந்து வந்துவிட்டு, கடைசி வளைவு முடிந்து முடிவுக்கோட்டுக்குப் போகும் நீளத்தில் வெளியே எடுத்து, விர்ரென்று முந்தி ஜெயித்தார். தற்செயல் என்று நினைத்தேன். ஆகஸ்டிலும் அதே. அச்சு அசலாக அதே. இப்போது இரண்டு பேருக்கும் புள்ளி சமம்.

என்னை ஆட்டி வைக்கிறார் அக்கா. "எப்ப வேணாலும் உன்னை முந்துவேன், ஆனா கடைசியிலதான் முந்துவேன்" என்று ஒவ்வொரு சுற்றிலும் முதுகில் எழுதிக்கொண்டே வருகிறார். எனக்கு முன்னால் ரோடு தெரியவில்லை, பின்னால் அவர் எஞ்சின்தான் கேட்கிறது. குளிக்கும்போது கேட்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் கேட்கிறது. நாலு கிலோ இறங்கிவிட்டேன். மெக்கானிக் அண்ணன் என் பந்தய உடையை இரண்டு இடத்தில் பிடித்துத் தைத்திருக்கிறார்.

இது என்ன திட்டம் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. சொல்.

தம்பி.


செப்டம்பர் 5

தம்பிக்கு,

கோபமெல்லாம் இல்லைடா. கடையில் வேலை அதிகம். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். நாலு கிலோ என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் முட்டை சாப்பிடு. பயிற்சிக்குப் போகும் முன் வெறும் டீயை ஊற்றிக்கொண்டு கிளம்பாதே.

மாமா வீட்டில் இருக்கிறார். நன்றாக இருக்கிறார். டிவிக்கு ரொம்பப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பழைய பந்தயங்களைப் பார்க்கிறார். திட்டம் ஒன்றும் எனக்குத் தெரியாது. இருந்தாலும் என்னிடம் சொல்வாரா?

உன்னை ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. வளைவு வரும்போது எங்கே பிரேக் பிடிப்பது என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? முன்னால் போகிறவன் பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? வண்டியில் விளக்கு எரியுமா? விவரமாக எழுது. சீக்கிரம் எழுது. அப்புறம், கடைசிப் பந்தயம் நடக்கப்போகும் ட்ராக் எப்படி இருக்கும் என்றும் எழுது.

செப்டம்பர் பந்தயம் மழையில் நின்றுபோனதாக ரேடியோவில் சொன்னார்கள். நிம்மதியாக இருந்தது.

அக்கா.


செப்டம்பர் 19

அக்காவுக்கு,

நலம். முட்டை சாப்பிடுகிறேன். பந்தயம் நின்றதில் உனக்கு நிம்மதி, எனக்கு வயிற்றெரிச்சல். இனி மிச்சம் இருப்பது நவம்பரில் ஒன்றே ஒன்று. எங்களில் யார் முன்னால் முடிக்கிறோமோ அவருக்குப் பட்டம்.

கண்ணாடி விற்கிறவளுக்குப் பிரேக் ஆராய்ச்சி எதற்கு? கேட்டுவிட்டாய், சொல்கிறேன். பந்தய வண்டிக்குப் பிரேக் விளக்கு கிடையாது. நேர்ச்சாலையில் காற்று தடுக்காமல் இருக்க, டேங்க் மேல் நெஞ்சை ஒட்டிப் படுத்துக்கொண்டு போவோம். வளைவுக்கு முன்னால் ஓரத்தில் பலகை நட்டிருப்பார்கள், இருநூறு மீட்டர், நூறு மீட்டர் என்று. அதைப் பார்த்து அவனவன் தன் இடத்தில் பிடிப்பான். பிடிக்கிற கணத்தில் படுத்திருப்பவன் நிமிர்வான். பின்னால் வருகிறவனுக்கு அதுதான் தெரியும். முன்னால் போகிற முதுகு திடீரென்று எழும்பும். ஆனால் யாரும் அதை நம்பி ஓட்டுவதில்லை. அடுத்தவன் முதுகைப் பார்த்துப் பிரேக் பிடிக்கிறவனுக்கு எதற்கு லைசென்ஸ்?

கடைசி ட்ராக் பொல்லாதது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்ச்சாலை, அதன் முடிவில் கொண்டை ஊசி வளைவு, அதற்கு அந்தப் பக்கம் கான்கிரீட் சுவர். வளைவிலிருந்து வெளியே வந்தால் முப்பதே மீட்டரில் முடிவுக்கோடு. அங்கே முந்த இடமில்லை. முந்துவதென்றால் பிரேக்குக்கு முன்னாலேயே, நேர்ச்சாலையில் முந்தியாக வேண்டும். மாமாவின் கடைசி நேர வித்தை அங்கே செல்லாது. அதுதான் எனக்கு ஒரே ஆறுதல்.

தம்பி.


செப்டம்பர் 24

தம்பி,

உன் கடிதம் வந்ததும் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நலம் விசாரிக்கவில்லை, மன்னித்துக்கொள்.

உன் மாமாவுக்குத் தூரத்தில் இருப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது.

விழுந்த நாளிலிருந்தே. ஜூலையில்தான் கண்டுபிடித்தேன். என்னோடு கடைத்தெருவுக்கு வந்தவர் ரோடு தாண்ட மாட்டேன் என்று நின்றார். யாரோ ஒருவர் இறங்கி நடந்ததும் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு தாண்டினார். எனக்கு என்னவோ போல் இருந்தது. மத்தியானம் முதலாளி சாப்பிடப் போன நேரம் கடைக்குக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். வலது கண்ணை மூடச் சொன்னேன், கடைசி வரி வரைக்கும் படித்தார். இடது கண்ணை மூடச் சொன்னேன், அதுவும் சுத்தம். அப்புறம் இரண்டு கண்ணையும் திறந்து வைக்கச் சொல்லி, சின்ன டார்ச்சைக் காட்டிக்கொண்டே பின்னால் நடந்தேன். "எத்தனை?" "ஒண்ணு." "இப்ப?" "ஒண்ணு." நாலாவது அடியில் கண்ணைக் கசக்கினார். "சொல்லுங்க, எத்தனை?" "ரெண்டு."

கண் டாக்டரிடம் போனோம். தலையில் பட்ட அடியில் கண்ணைத் திருப்பும் நரம்பு செயலிழந்திருக்கிறது, சரியாகலாம், ஆகாமலும் போகலாம், அதுவரை சைக்கிள்கூட ஓட்டாதீர்கள் என்றார். உங்கள் பந்தய டாக்டர் ஒவ்வொரு கண்ணாக மூடித்தான் பார்க்கிறார். அப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிப் பார்த்தாராம், தூரம் பிடிபடவில்லையாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "வெளியே தெரிஞ்சா நான் செத்ததுக்குச் சமம்" என்றார். அதனால்தான் இரண்டு மாதம் உனக்கு எழுதவில்லை. எழுதினால் வந்துவிடும்.

அப்படியானால் எப்படி ஓட்டுகிறார், எப்படி ஜெயிக்கிறார் என்று நானும் மண்டையை உடைத்துக்கொண்டேன். நீ எழுதியதும் புரிந்துவிட்டது. அவர் உன்னை ஆட்டி வைக்கவில்லைடா. பக்கத்தில் இருக்கிற நீ அவருக்கு ஒன்றாகத் தெரிகிறாய். நீ நிமிர்கிற இடத்தில் அவர் பிரேக் பிடிக்கிறார். பிரேக் பிடிக்க வேண்டிய வளைவெல்லாம் முடிந்த பிறகுதான் உன்னை முந்துகிறார். நவம்பரில் அது நடக்காது என்கிறாய். நேர்ச்சாலையிலேயே முந்தினால் அவருக்கு முன்னால் யார் இருப்பார்கள்? சுவர்தான்.

பந்தய டாக்டருக்குப் போன் செய்தேன். "அம்மா, போன தடவை மணிக்கட்டு, இந்தத் தடவை கண்ணா? அவரை நானே பார்த்தேன், ரெண்டு கண்ணும் ஒண்ணாம் நம்பர். தம்பி ஜெயிக்கணும்னு உங்களுக்கு ஆசை இருக்கும், புரியுது" என்று வைத்துவிட்டார்.

நீ போய்ச் சொல். இரண்டு கண்ணும் திறந்திருக்க, தூரத்தில் ஒரு விரலைக் காட்டிப் பார்க்கச் சொல். ஒரு நிமிஷ வேலை. உன் காலில் விழுகிறேன்.

அக்கா.


அக்டோபர் 10

அக்காவுக்கு,

நலமா? நல்ல கற்பனை. இது யார் யோசனை, உன்னுடையதா, நடிகருடையதா? டார்ச், நாலாவது அடி, ரோடு தாண்டுவது, எல்லாம் பிரமாதம். மணிக்கட்டுக் கதையில் இத்தனை விவரம் இல்லை. தேறிவிட்டீர்கள்.

கண் தெரியாதவர் இருநூற்றைம்பது வேகத்தில் என் பின்னால் ஒரு முழம் விட்டு வருகிறாராம். இதை நான் நம்ப வேண்டுமாம். நம்பி டாக்டரிடம் போனால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார். மாமா பரிசோதனையில் சிரித்துக்கொண்டே தேறுவார். ட்ராக் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கும். அக்கா புருஷனுக்குப் பயந்து புகார் கொடுத்தவன் என்று. அந்த அவமானத்தோடு நான் தொடக்கக் கோட்டில் நிற்பேன், பிரேக்கைத் தப்பாகப் பிடிப்பேன். அதுதானே திட்டம்? நாலு கிலோ இறங்கியதை உனக்குத்தான் எழுதினேன். அதையும் அவரிடம் சொல்லியிருப்பாய்.

ஒரே ஒரு ஆள் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இனி எழுதாதே.

தம்பி.


அக்டோபர் 21

அன்பு மச்சானுக்கு,

உன் மாமன், உன் எதிரி, உன் அக்காவுக்கு வாய்த்த ஆயுள் தண்டனை எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ சௌக்கியமாக இல்லை என்று என் காதுக்கு வந்தது. மழையில் நின்ற பந்தயத்தன்று பார்த்தேன், உடை உன் மேல் கொடியில் காய்கிற மாதிரி தொங்கியது. சாப்பிடு. எலும்புக்கூட்டை ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கும்.

எனக்கு முப்பத்தாறு ஆகிறது. அடுத்த வருஷம் என்னை வைத்துக்கொள்வீர்களா என்று மேனேஜரைக் கேட்டேன். "பட்டத்தோட வாங்க, பேசலாம்" என்றார். பட்டம் இல்லாமல் வந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. பதினேழு வயதிலிருந்து காலையில் எழுந்தால் வண்டி, மச்சான். வேறு ஒன்றும் தெரியாது. உன் அக்கா என்னைக் கடையில் பிரேம் துடைக்க உட்கார வைத்துவிடுவாள்.

நவம்பரிலும் உன் பின்னால்தான் வருவேன், மறைத்து என்ன. உன்னைப் போலத் துல்லியமாகப் பிரேக் பிடிக்கிறவன் இப்போது யாரும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம், ஒரு சாண்கூடத் தள்ளாது. இதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொள். கடைசிச் சுற்றில் மட்டும் என்னை மன்னித்துவிடு.

நான் எழுதியதை அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

மாமா.


அக்டோபர் 27

தம்பி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் இந்தப் பத்து வரியைப் படித்துவிட்டுக் கிழி.

மணிக்கட்டு விஷயத்தில் உன்னிடம் பொய் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்தேன். அந்த ஒரு பொய்க்கு இப்போது டாக்டர் நம்பவில்லை, நீ நம்பவில்லை. உன்னை நான் குறை சொல்லவில்லை. என் வாயால் நான் கெட்டேன்.

என்னை நம்ப வேண்டாம். நீயே பார். பயிற்சியில் அவர் உன் பின்னால் வருவார். வளைவே இல்லாத இடத்தில், பிரேக்கைத் தொடாமல், நெஞ்சை மட்டும் நிமிர்த்து. கண் தெரிகிறவர் என்றால் பிரேக் பிடிக்க மாட்டார். நான் சொன்னது பொய் என்றால் இந்த ஜென்மத்தில் என் முகத்தில் விழிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா.


நவம்பர் 7, சனிக்கிழமை

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். இது உன் கைக்கு வரும்போது பந்தயம் முடிந்திருக்கும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நேற்றுப் பயிற்சி. மாமா வழக்கம்போல வந்து ஒட்டிக்கொண்டார். நேர்ச்சாலை நடுவில், பலகையெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னால், வேகத்தைக் குறைக்காமல் நெஞ்சை மட்டும் நிமிர்த்தினேன். பின்னால் எஞ்சின் சத்தம் அடங்கிப் போனது. திரும்பினேன். ஒன்றுமே இல்லாத இடத்தில் பிரேக் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தார். இரண்டு சுற்றுக் கழித்து வேறு இடத்தில் நிமிர்ந்தேன். மறுபடியும் அதேதான்.

கொட்டகைக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அழுதுகொண்டிருந்தேன். முதலில் அவருக்காக அழுதேன். அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது, அதற்காக அழுதேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஒரே ஒரு தடவை கொஞ்சம் தாமதமாக நிமிர்ந்தால் போதும். நான் எப்படியோ திரும்பிவிடுவேன். அவர் திரும்ப மாட்டார். யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு யோசனை எனக்கு வந்தது அக்கா. வரவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அவர் கூடாரத்துக்குப் போனேன். "மாமா, வேணாம் மாமா. வண்டியை எடுக்காதீங்க."

"அக்கா சொன்னாளா?"

"நானே பார்த்தேன்."

கொஞ்ச நேரம் கையுறையை மடித்து மடித்துப் பிரித்தார். "ஒரே ஒரு நாள் மச்சான். நாளன்னிக்கு மட்டும் ஒழுங்கா நிமிரு. அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்."

"கடைசிச் சுத்துல என்னை முந்துவீங்களே, அப்ப யாரைப் பார்ப்பீங்க?"

சிரித்தார். "அப்ப எண்ணிக்குவேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு."

டாக்டர் அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ சொன்ன ஒரு நிமிஷப் பரிசோதனையைச் சொன்னால் போதும். மாமா வெளியே, பட்டம் எனக்கு. காகிதத்தில் ஜெயித்தவன் என்று ஆயுசுக்கும் சொல்வார்கள். பத்து வருஷம் எதற்காக எலும்பை உடைத்துக்கொண்டேனோ அதை அப்படி வாங்க எனக்கு மனசு வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அவர் உயிரைவிட என் வீம்பு எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. என்னைத் திட்டு. நீ திட்டும்போது இரண்டு பேரும் உயிரோடு இருந்தால் அதுவே பெரிது.

தம்பி.


நவம்பர் 12

அக்கா,

நலமா? ரேடியோவில் கேட்டிருப்பாய். மாமா சாம்பியன். அரைச் சக்கர வித்தியாசத்தில் நான் இரண்டாவது. நடந்தது உனக்கு மட்டும்.

இருபத்து நாலு சுற்று அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி கூட்டிப்போனேன். ஒவ்வொரு வளைவிலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னாலேயே, நன்றாகத் தெரிகிற மாதிரி நிமிர்ந்தேன். அவர் வருகிறாரா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்ததில் நானே சுவரில் போயிருப்பேன்.

கடைசிச் சுற்றில் நேர்ச்சாலையில் வெளியே எடுத்தார். அவர் வண்டி வேகம் அதிகம், மறிக்க முடியவில்லை. என்னைத் தாண்டினார். அவருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எண்ணிக்கொண்டிருந்தார் போல. எனக்கு அந்த நொடியில் பட்டமும் இல்லை, கோபமும் இல்லை. "ஐயோ மாமா" என்று ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். அவர் பின்னால் காற்று தடுக்காத இடத்தில் ஒட்டி, எஞ்சினைப் பிழிந்து, பக்கவாட்டில் ஒரு தோள் முன்னால் போய், என் இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே நெஞ்சை நிமிர்த்திப் பிரேக் பிடித்தேன். பார்த்துவிட்டார். ஒரு கணம் தாமதமாகப் பிடித்தார். தாமதமாகப் பிடித்தவர் முன்னால் போவார், அதுதானே கணக்கு. உள் பக்கத்தை அவருக்கு விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேன்.

மேடையில் என்னைக் கட்டிப்பிடித்து, "நல்லா நிமிர்ந்தே மச்சான்" என்றார். அங்கேயே அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டார். "ஒரே நாள்னு சொன்னீங்களே மாமா" என்றேன். "ரெண்டு பேரும் சேர்ந்தா நல்லாத்தானேடா போகுது" என்றார்.

அடுத்த வருஷமும் நான் ஓட்டியாக வேண்டும் அக்கா. நான் இல்லாவிட்டால் வேறு எவன் பின்னாலாவது போவார். அவன் இவருக்காக நிமிர மாட்டான். எட்டுப் பந்தயமாம் அடுத்த வருஷம். பின்னால் பார்த்துக்கொண்டே எட்டுப் பந்தயம். எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி.


டிசம்பர் 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன், நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது?

காட்டிக்கொடுத்தது நான்தான். வேறு யாராக இருக்கும் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். நீ நவம்பரில் எழுதிய இரண்டு கடிதத்தையும் உறையில் வைத்து, கண்ணை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தனித்தாளில் எழுதி, பந்தயச் சங்கத்துக்கு அனுப்பினேன். என் வார்த்தையை நம்ப மாட்டார்கள். உன் கையெழுத்தை நம்பினார்கள். இரண்டு டாக்டர்களை உட்கார வைத்து, இரண்டு கண்ணையும் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். உன் மாமாவின் லைசென்ஸ் போயிற்று, ஆயுசுக்கும். நீ வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாய் என்று நீயே எழுதியிருந்தாய். உனக்கு ஐந்து வருஷத் தடை. உங்கள் இரண்டு பேர் புள்ளியையும் அழித்து, பட்டத்தை மூன்றாவதாக இருந்தவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உனக்கும் வினை வரும் என்று தெரியாமல் அனுப்பினேன் என்று நினைக்காதே. தெரிந்துதான் அனுப்பினேன். முதல் கடிதத்தை மட்டும் அனுப்பினாலே அவருக்குப் போதும். இரண்டாவதை எடுத்துத் தனியாக வைத்தேன். எட்டுப் பந்தயம், பின்னால் பார்த்துக்கொண்டே, என்று எழுதியிருந்தாயே, அதைத் திரும்பவும் படித்தேன். அதையும் உள்ளே வைத்து ஒட்டினேன். நீ எனக்கு மட்டும் என்று எழுதியதை ஊருக்குக் காட்டிவிட்டேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

உத்தரவு வந்த அன்று மாமா அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து முழுக்கப் படித்தார். "நீயா?" என்றார். "ஆமா" என்றேன். அதற்கப்புறம் பேசவில்லை. பதினோரு நாள் ஆகிறது. சாப்பாட்டை வாசலில் வைத்தால் நான் நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்கிறார். தட்டு காலியாகத் திரும்பி வருகிறது.

நேற்று உன் கடிதம் வந்தது. "எனக்கு அக்கா இல்லை" என்று ஒரே வரி. வழக்கம்போலத் தந்தியைவிடச் சின்னது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்ல அழுத்தமாக, தெம்பாக எழுதியிருக்கிறாய்.

இதை எழுதும்போது பக்கத்து அறையில் அவர் இருமுகிறார், கட்டில் கிறீச்சிடுகிறது. என்னோடு பேச மாட்டேன் என்று சொல்வதற்கு இரண்டு பேரும் இருக்கிறீர்கள். எனக்கு அது போதும்.

காலையில் முட்டை சாப்பிடு. பதில் எழுத வேண்டாம்.

அக்கா.